கணக்குக் கேட்பவரின் அறம்



வணிகத்திலும் வகுப்பறையிலும் அறம் என்பது நீங்கள் கொடுத்திருக்கும் தலைப்பு. இந்தத் தலைப்பில் பேச வருபவர்கள் எது நல்லது, எது கெட்டது என்று வகுத்துச் சொல்லிவிட்டு, நல்லதைச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டு அமர்வது வழக்கம். அதைச் செய்ய எனக்கு மனமில்லை. பொய்க் கணக்கு எழுதுவது தவறு என்று தெரியாத கணக்காளர் கிடையாது. மாணவரின் விடைத்தாளில் தானே விடை குறிப்பது தவறு என்று தெரியாத ஆசிரியரும் கிடையாது. நம் ஊரில் குறள் எழுதாத பள்ளிச் சுவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அறிவில் குறையில்லை. தெரிந்தவர்கள், அதுவும் பெரும்பாலும் ஒழுங்கானவர்கள் என்று பெயரெடுத்தவர்கள், ஏன் கூட்டங்கூட்டமாகத் தவறுகிறார்கள் என்பதுதான் விளங்காத பகுதி. தவறு வெளிப்பட்டதும், பொய்யான எண்ணைக் கொடுத்தவரைப் பிடித்து விசாரிக்கிறோம். அந்த எண்ணைக் கொண்டுவா என்று கேட்டவரை விட்டுவிடுகிறோம். வணிக அறத்தின் முதல் கேள்வி கணக்குக் கேட்பவரிடமிருந்து தொடங்க வேண்டும் என்பது என் வாதம். ஒரு வங்கியையும் ஒரு நகரத்தின் பள்ளிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அதை விளக்கப் பார்க்கிறேன்.

முதலில் வங்கி. அமெரிக்காவின் மிகப் பெரிய வங்கிகளில் ஒன்று வெல்ஸ் ஃபார்கோ. 2016 செப்டம்பரில் அதற்கு 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. வாடிக்கையாளருக்குத் தெரியாமலே அவர் பெயரில் சேமிப்புக் கணக்கும் கிரெடிட் கார்டும் திறந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அப்படிப்பட்டவை சுமார் 20 லட்சம் இருக்கலாம் என்று முதலில் கணக்கிட்டார்கள். மறு ஆண்டு காலத்தை விரித்துப் பார்த்தபோது 35 லட்சம் வரை போனது. இது எப்படி நடந்தது என்பது கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு குடும்பமும் இந்த வங்கியில் எட்டுச் சேவைகளை வைத்திருக்க வேண்டும் என்று தலைமை இலக்கு வைத்தது. ஆங்கிலத்தில் அது எதுகையோடு ஒலிக்கும் முழக்கமாகவே இருந்தது. சேமிப்புக் கணக்கு, நடப்புக் கணக்கு, கார்டு, கடன் என்று எண்ணிக்கொண்டே போனாலும், ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு எட்டு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கிளைகளுக்கு அன்றாட இலக்கு இறங்கியது. வருடம் பிறந்ததும் ஜனவரிக்கென்று தனி வேகம் வேறு. ஊழியர்கள் முதலில் தங்கள் வீட்டார் பெயரில் கணக்குத் திறந்தார்கள். பிறகு போலி மின்னஞ்சல் முகவரிகள் முளைத்தன. புதுக் கணக்கு உயிரோடிருப்பதாகக் காட்ட, வாடிக்கையாளரின் பழைய கணக்கிலிருந்து சிறிது பணத்தை எடுத்து அதில் போட்டார்கள். அதனால் பழைய கணக்கில் இருப்புக் குறைந்து அபராதக் கட்டணம் விழுந்தவர்களும் உண்டு.

விவகாரம் வெடித்தபோது, தவறு செய்தவர்கள் மொத்த ஊழியர்களில் மிகச் சிறு பகுதியினர், அவர்களை நீக்கிவிட்டோம் என்றது தலைமை. ஐந்தாண்டுகளில் நீக்கப்பட்டவர்கள் சுமார் 5,300 பேர். இந்த எண்ணைச் சற்று நின்று பாருங்கள். ஒரே தவறுக்காக ஆண்டுக்கு ஆயிரம் பேரை ஒரு நிறுவனம் வீட்டுக்கு அனுப்புகிறது. ஆனால் அவர்களுக்கு இலக்கு வைக்கும் முறையைக் கைவிடவில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் 2013 டிசம்பரிலேயே இதை விரிவாக எழுதிவிட்டது. அதற்குப் பிறகும் ஏறக்குறைய மூன்றாண்டுகள் அந்த முறை தொடர்ந்தது. அறநெறிப் பயிற்சி வகுப்பு அந்த வங்கியில் இருந்தது. வங்கியின் விழுமியங்களைச் சொல்லும் கையேடு இருந்தது. முறைகேட்டைப் பெயர் சொல்லாமல் தெரிவிக்கத் தொலைபேசி எண்ணும் இருந்தது. அந்த எண்ணுக்குப் பேசிய ஒரு மேலாளர் வேலையிழந்தார். அவரை மீண்டும் வேலையில் சேர்த்து 54 லட்சம் டாலர் கொடுக்கும்படி அமெரிக்கத் தொழிலாளர் துறை 2017இல் உத்தரவிட்டது. அவரை நீக்கியதோ 2010இல்.

இனி பள்ளி. ஜார்ஜியா மாநிலத்தின் தலைநகர் அட்லாண்டா. அங்கே மாணவர்கள் அப்போது எழுதிய மாநிலத் தேர்வு பென்சிலால் வட்டம் நிரப்பும் வகை. 2009ஆம் ஆண்டு விடைத்தாள்களை இயந்திரத்தில் போட்டு, எத்தனை இடங்களில் தவறான விடை அழிக்கப்பட்டுச் சரியான விடை குறிக்கப்பட்டிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தார்கள். சில வகுப்புகளில் அந்த எண்ணிக்கை தற்செயலாக நேரவே முடியாத அளவு இருந்தது. மாநில ஆளுநரின் ஆணைப்படி நடந்த விசாரணையின் அறிக்கை 2011இல் வந்தது. ஆராய்ந்த 56 பள்ளிகளில் 44இல் மோசடி. தொடர்புடையவர்கள் 178 பேர். அவர்களில் 38 பேர் பள்ளித் தலைமை ஆசிரியர்கள். 82 பேர் ஒப்புக்கொண்டார்கள். ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் வார இறுதியில் ஒருவர் வீட்டில் கூடி, விருந்து போல உட்கார்ந்து விடைகளைத் திருத்தியிருக்கிறார்கள்.

இவர்களுக்கும் ஓர் எண் இருந்தது. ஒவ்வொரு பள்ளிக்கும் ஆண்டுதோறும் இலக்கு. போன ஆண்டு எட்டியது இந்த ஆண்டுக்கு அடித்தளம், அதற்கு மேலே ஏற வேண்டும். மோசடியால் எட்டிய இலக்கும் அடித்தளம்தான் என்பதால், ஒருமுறை பொய் சொன்ன பள்ளி மறு ஆண்டு இன்னும் பெரிய பொய் சொல்ல வேண்டியதாயிற்று. மூன்றாண்டுகளில் எட்டாத தலைமை ஆசிரியர் பதவியில் இருக்க மாட்டார் என்பது வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. ஆண்டு விழா பெரிய உள்ளரங்க மைதானத்தில் நடக்கும். இலக்கை எட்டிய பள்ளியார் நடுத்தளத்தில் அமர்வார்கள். எட்டாதவர்கள் ஓரத்துப் படிகளில். பெரியவர்களை, அதுவும் ஆசிரியர்களை, மதிப்பெண் வாரியாக உட்கார வைக்கும் இந்த ஏற்பாட்டை யார் யோசித்தார்களோ தெரியாது. அவமானத்தின் இயல்பை நன்கு அறிந்தவர்தான். நகரக் கல்வித் துறைத் தலைவர் 2009இல் நாட்டின் சிறந்த கண்காணிப்பாளராகத் தேர்வானார். மதிப்பெண் ஏறியதைப் பார்த்துத்தான் விருது.

இரண்டு கதைகளிலும் பொதுவாக நிற்பது என்ன? மேலே இருப்பவருக்குக் கீழே நடப்பது எதுவும் தெரிவதில்லை, எண் ஒன்றுதான் தெரிகிறது. அளக்கப்படுபவரின் கையிலேயே அளவுகோல் இருக்கிறது: கணக்குத் திறப்பதும் ஊழியர், திறந்ததாகச் சொல்வதும் ஊழியர், தேர்வுத்தாள் பள்ளியிலேயே பூட்டி வைக்கப்படுகிறது, சாவி பள்ளித் தலைவரிடம். இந்த இரண்டும் இருந்தால்கூடப் பெரும் சேதம் நேராமல் போகலாம். சேதத்தை உறுதிசெய்வது மூன்றாவது: எட்ட முடியவில்லை என்று உண்மையைச் சொன்னவர் தண்டிக்கப்படுகிறார். எட்டியதாகப் பொய் சொன்னவர் பிடிபட்டால் மட்டுமே தண்டனை. ஒன்று உறுதியான இழப்பு, மற்றது நேரலாம், நேராமலும் போகலாம். இப்படிப்பட்ட தேர்வை ஆயிரக்கணக்கான பேர் முன்னால் வருடந்தோறும் வைத்துவிட்டு, அத்தனை பேரும் முதலாவதையே எடுப்பார்கள் என்று எதிர்பார்ப்பது அறம் ஆகாது, சோம்பல். டொனால்டு கேம்பெல் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களிலேயே இதை விதியாகச் சொன்னார். சமூகத்தை அளக்கும் ஓர் எண்ணை வைத்து முடிவுகள் எடுக்க எடுக்க, அந்த எண்ணும் கெடும், அது அளக்க வந்த வேலையும் கெடும் என்பது அதன் சாரம். அவர் காட்டிய உதாரணங்களில் பள்ளித் தேர்வும் ஒன்று.

இங்கே ஒரு மறுப்பு எழும், எழவும் வேண்டும். ஏற்பாட்டைக் குறை சொன்னால் தனிமனிதர் தப்பித்துவிட மாட்டாரா? அதே வங்கியில் பொய்க் கணக்குத் திறக்காதவர்கள்தான் பெரும்பான்மை. அட்லாண்டாவிலும் 12 பள்ளிகள் அந்தப் பட்டியலில் இல்லை. மோசடி நடந்த பள்ளிகளிலேயே மறுத்த ஆசிரியர்கள் இருந்தார்கள். ஆகவே மறுக்க முடியும். இதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். அந்த ஆசிரியர்கள் திருத்தியது வெறும் தாளையும் அன்று. ஏழைக் கறுப்பினக் குழந்தைகள் பலர் உண்மையில் எழுத்துக்கூட்டி வாசிக்கவே தடுமாறினார்கள். தேறியதாகத் தாள் சொன்னதால் அவர்களுக்குக் கிடைக்க வேண்டிய கூடுதல் பயிற்சி கிடைக்கவில்லை. இதைச் செய்தவருக்கு மன்னிப்புக் கேட்க நான் வரவில்லை. ஆனால் பொறுப்பு என்பது ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவருக்கு மிச்சமில்லாமல் போகும் பொருளா? இலக்கை வைத்தவரின் பொறுப்பைச் சொல்வதால் திருத்தியவரின் பொறுப்பு குறைவதில்லை. நடைமுறையில் தப்பித்தவர் யார் என்று பாருங்கள். கூட்டுச்சதிக் குற்றங்களை ஒடுக்கப் பிறந்த சட்டத்தின்கீழ் 2015 ஏப்ரலில் அட்லாண்டாக் கல்வியாளர்கள் 11 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. அவர்களில் சிலருக்கு முதலில் ஏழாண்டுச் சிறை என்றார்கள், பிறகு மூன்றாகக் குறைத்தார்கள். கல்வித் துறைத் தலைவர் தன் மீதான வழக்கு விசாரணைக்கு முன்பே நோயால் இறந்துவிட்டார். வங்கியின் கிளைகளையெல்லாம் ஆண்ட உயர் அதிகாரி, ஆய்வாளர்களிடமிருந்து உண்மையை மறைத்ததை 2023இல் ஒப்புக்கொண்டார். அவருக்குக் கிடைத்தது மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் ஒரு லட்சம் டாலர் அபராதமும். தனிமனிதப் பொறுப்பு பற்றிய நம் அக்கறை, படியில் கீழே இறங்க இறங்கக் கறாராவதைக் கவனிக்கிறீர்கள் அல்லவா?

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்று கேட்பவர்கள் நம் ஊர் பதினோராம் வகுப்பை நினைத்துப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான் பொறியியலையும் ஒரு காலத்தில் மருத்துவத்தையும் தீர்மானித்தது. விளைவாக, தனியார் பள்ளிகள் பல பதினோராம் வகுப்புப் பாடத்தை ஓரம் கட்டிவிட்டு, இரண்டாண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைத்தன. மக்கள் அவற்றுக்கு வைத்த பெயர் பிராய்லர் பள்ளி. புத்தகம் அச்சானது, கால அட்டவணையில் இடம் இருந்தது, வருகைப் பதிவும் நடந்தது, பாடம் மட்டும் நடக்கவில்லை. இது திருட்டுத்தனமாக நடந்ததா என்றால் இல்லை. பெற்றோருக்குத் தெரியும், பலர் அதற்காகவே கட்டணம் கட்டினார்கள். நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று ஃபிளெக்ஸ் பேனர் வைப்பதற்காக, ஒன்பதாம் வகுப்பிலேயே மெதுவாகப் படிக்கும் பிள்ளைக்கு டி.சி. கொடுத்து வேறிடம் அனுப்பும் பழக்கத்தையும் நீங்கள் அறிவீர்கள். அங்கே பொய்யான எண் ஒன்றுகூட இல்லை. நூறு சதவீதம் உண்மையிலேயே நூறு சதவீதம்தான். எண்ணைத் திருத்துவதற்குப் பதில் பிள்ளைகளைத் திருத்திவிட்டார்கள். சட்டப்படி குற்றம் என்று சுட்ட எதுவும் இல்லாததால்தான் இதை அட்லாண்டாவைவிடக் கடினமான நிகழ்வாக நான் நினைக்கிறேன்.

அரசு செய்ததைப் பாருங்கள். 2017இல் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று பட்டியல் வெளியிடுவதை நிறுத்தியது. அது எண்ணைக் கேட்பவர் தன்னைத் திருத்திக்கொண்ட செயல், நல்ல செயல். அதே ஆண்டு பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்தது. 2018 மார்ச்சில் முதல் தேர்வு. இது கெட்டுப்போன அளவுகோலுக்குப் பக்கத்தில் இன்னோர் அளவுகோலை நட்டது. பாடம் நடத்த வைத்தது என்னவோ உண்மை; கூடவே பிள்ளைகள் பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்றாண்டு தொடர்ந்து பொதுத்தேர்வு எழுதினார்கள். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வை நீக்கிவிட்டது. சரி, இனிப் பதினோராம் வகுப்புப் பாடம் நடக்கிறதா என்று யார், எப்படிப் பார்ப்பது? அதற்கு விடை இல்லாவிட்டால் எட்டாண்டுச் சுற்று முடிந்து புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறோம்.

இலக்கும் அளவும் இல்லாமல் நிறுவனத்தை நடத்த முடியுமா என்பது அடுத்த மறுப்பு. தொழில் நடத்துபவர்கள் இதைச் சற்று எரிச்சலோடுதான் கேட்பார்கள், நியாயமான எரிச்சல். அளக்காத இடத்தில் ஏமாறுபவர்கள் பெரும்பாலும் எளியவர்கள். அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியவில்லை என்று நமக்குத் தெரிந்ததே யாரோ அளந்ததால்தான். பிரதம் அமைப்பினர் 2005இல் தொடங்கிய அசர் ஆய்வில், தன்னார்வலர்கள் கிராமத்து வீடுகளுக்கே போய்ப் பிள்ளையிடம் ஒரு சிறு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்கிறார்கள். அந்த ஆய்வின் முறை பற்றி விவாதிக்கலாம். ஆனால் அதில் வரும் எண்ணால் எந்த ஆசிரியரின் சம்பள உயர்வும் நிற்பதில்லை, எந்தத் தலைமை ஆசிரியரும் ஓரத்துப் படியில் உட்கார்வதில்லை. பொய் சொல்ல அங்கே யாருக்கும் காரணமில்லை. அளவைத் தண்டனையிலிருந்து பிரித்துவிட்டால் அது மீண்டும் தகவல் ஆகிவிடுகிறது. வெல்ஸ் ஃபார்கோவும் 2016 அக்டோபர் முதல் கிளை ஊழியர்களுக்கான விற்பனை இலக்கை எடுத்துவிட்டது. வங்கி மூடப்படவில்லை. இயலாது என்று சொல்லப்பட்ட மாற்றம், அபராதம் விழுந்ததும் சில வாரங்களில் இயன்றது.

பேராசையை மறந்துவிட்டாயே, மேலே இருப்பவரே திட்டமிட்டுத் திருடும்போது இந்த வாதம் என்னாகும் என்று ஒருவர் கேட்கலாம். சத்யம் என்ற மென்பொருள் நிறுவனத்தின் கதை அதற்கு உதாரணம். 2009 ஜனவரி 7ஆம் நாள் அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதம், வங்கியில் இருப்பதாகக் காட்டிய பணத்தில் சுமார் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்றது. சில மாதங்களுக்கு முன்புதான் நிறுவன நிர்வாக நேர்மைக்கான விருதை அந்த நிறுவனம் வாங்கியிருந்தது. இயக்குநர் குழுவில் ஹார்வர்டு பேராசிரியர் ஒருவரும் இந்தியாவின் பேர்பெற்ற மேலாண்மைக் கல்லூரியின் தலைவரும் இருந்தார்கள். வணிகமும் வகுப்பறையும் ஒரே மேசையில் அமர்ந்திருந்தன. அறம் பற்றி அந்த மேசையைவிட அதிகம் தெரிந்த மேசை நாட்டில் இருந்திருக்காது. திருடியவர் திருடினார், அவரை எந்த ஏற்பாடும் புனிதராக்கியிருக்காது. ஆனால் அத்தனை ஆண்டுகள் அது நிலைத்தது எதனால்? தணிக்கையாளர் ஒரு நிறுவனத்தின் வங்கி இருப்பை உறுதி செய்ய, வங்கிக்குத் தாமே கடிதம் எழுதி, பதிலைத் தம் கைக்கே வரவழைக்க வேண்டும். தொழிலில் நுழையும் முதலாண்டில் கற்றுத்தரும் பாடம் இது. அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2011இல் கண்டது என்னவென்றால், தணிக்கை நிறுவனத்தினர் அந்தக் கடிதப் போக்குவரத்தைச் சத்யத்தின் கையிலேயே விட்டுவிட்டார்கள் என்பது. அளக்கப்படுபவரின் கையில் அளவுகோல் என்று சொன்னேனே, அதுதான். யாரும் அவர்களிடம் போய் அறம் தவறுங்கள் என்று சொல்லவில்லை. பெரிய வாடிக்கையாளர், அவர்களே வாங்கித் தருகிறோம் என்கிறார்கள், சந்தேகப்படுவது போல் ஆகிவிடுமே என்ற மரியாதை போதுமானதாக இருந்தது. நம் சமூகத்தில் அந்த மரியாதை எவ்வளவு வலியது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

கடைசியாக, கல்லூரியில் இருக்கும் அறநெறித் தாள் வீணா என்ற கேள்வி. ஹார்ட்ஷோர்ன், மே என்ற இருவர் அமெரிக்காவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்துச் செய்த சோதனைகள் 1928இல் நூலாக வந்தன. ஓரிடத்தில் ஏமாற்றும் குழந்தை இன்னோரிடத்தில் நேர்மையாக இருந்தது. குழந்தைகளை நேர்மையானவர், அல்லாதவர் என்று இரண்டாகப் பிரிக்க முடியவில்லை. ஒழுக்க போதனை பெற்றதாலும் பெரிய மாற்றம் தெரியவில்லை. பின்னாளில் அதே தரவுகளை மீண்டும் ஆராய்ந்தவர்கள், மனிதருக்கு மனிதர் சிறிதளவு நிலையான வேறுபாடு உண்டு என்று திருத்தினார்கள். ஆகவே குணம் என்று ஒன்று இல்லவே இல்லை என நான் சொல்லவில்லை. எளிய உபாயங்கள் பற்றியும் ஒரு செய்தி. படிவத்தின் அடியில் கையெழுத்திடுவதற்குப் பதில், உண்மையே சொல்வேன் என்று தலைப்பில் கையெழுத்திட்டால் மக்கள் குறைவாகப் பொய் சொல்வார்கள் என்று 2012இல் ஒரு புகழ்பெற்ற ஆய்வு வந்தது. 2021இல் வேறு ஆய்வாளர்கள் அதன் தரவில் ஒரு பகுதி இட்டுக்கட்டியது என்று காட்டினார்கள். கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. நேர்மையைப் பற்றிய ஆய்வு அது. சிரித்துவிடலாம், ஆனால் ஆய்வாளர்களுக்கும் கட்டுரை எண்ணிக்கை என்ற இலக்கு இருக்கிறது.

எனவே அறநெறித் தாளை எடுத்துவிடச் சொல்லவில்லை, அதற்குள் இருப்பதை மாற்றச் சொல்கிறேன். இங்கே இருக்கும் பி.காம். மாணவர்களில் பலர் சில ஆண்டுகளில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் சேரப் போகிறீர்கள். அங்கே உங்கள் முன் வரப்போவது வெறும் ஒரு கடித உறை. வங்கிக்கு நேராக அனுப்ப வேண்டிய அந்த உறையை, கொடுங்கள் தம்பி, எங்கள் ஆள் கொண்டுபோய் வாங்கி வந்துவிடுவான் என்று வாடிக்கையாளரின் மேலாளர் அன்போடு கேட்பார். அப்போது எந்தச் சொற்களில் மறுப்பது, அவர் உங்கள் முதலாளிக்குப் போன் செய்தால் முதலாளி என்ன சொல்ல வேண்டும், வங்கியிலிருந்து பதில் வராவிட்டால் எத்தனை நாளில் யாருக்கு எழுதுவது, வேலை முடியவில்லை என்று தாமதத்தைச் சொன்ன பயிற்சியாளரை அலுவலகம் எப்படி நடத்த வேண்டும் என்பதற்கெல்லாம் ஒரு பருவத்தில் நான்கைந்து வகுப்புகள் ஒதுக்குங்கள். மாணவர்களில் ஒருவரை மேலாளராகவும் ஒருவரைப் பயிற்சியாளராகவும் நிறுத்திப் பேசிப் பார்க்க வையுங்கள். அந்த வகுப்புக்கு மதிப்பெண் வேண்டாம். வந்திருக்கும் ஆடிட்டர்கள் யாராவது ஒருவர் முதலாளி இடத்தில் உட்கார்ந்து பதில் சொல்ல முன்வந்தால் இன்னும் நல்லது.